ஈயக் குழலுக்குள் வெடிமருந்து

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். பசியாவரம், சாத்தான்குப்பம், இடமணி, இடமணிக்குப்பம், ரகமத் நகர் என்று ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் ஊர்களில் அன்று கடல் தொழில் கிடையாது. முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு போகாது. ஏவுதளம் அங்கிருந்து வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதனால் நெருப்பு முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் நீர்ப்பரப்பைக் கடந்து வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் ராக்கெட் பல கிலோமீட்டர் உயரம் போயிருக்கும்.

அந்தப் பெரிய நெருப்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதே ராக்கெட்டுக்குள் கரையிலிருந்து யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன வெடிகள் பல நடக்கின்றன. எரிந்து முடிந்த அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உடைப்பது ஒரு வெடி. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசத்தை இரண்டாகப் பிளப்பது இன்னொன்று. வால்வைத் திறக்க, கம்பியை வெட்ட, வளையத்தை அவிழ்க்க என்று ஒவ்வொன்றுக்கும் சில கிராம் வெடிமருந்தை உலோக உறைக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். பொறியாளர்கள் இவற்றைப் பைரோ என்கிறார்கள். ஒரு பைரோவிலிருந்து இன்னொன்றுக்கு வெடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய வடமும் உண்டு. ஈயம் போன்ற மென்மையான உலோகத்தில் குழல் செய்து, உள்ளே வெடிமருந்துத் தூளை நிரப்பி, இழுத்து இழுத்து மெலிதாக்கி அதைச் செய்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். வெடிக்கவைத்துச் சோதித்தால் சோதனையோடு அது தீர்ந்தது. ஒரே தொகுதியில் செய்தவற்றில் சிலவற்றை வெடித்துப் பார்க்கலாம், பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் ராக்கெட்டில் ஏறப்போகும் பைரோவை யாரும் வெடித்துப் பார்த்திருக்க முடியாது. வடத்தின் நடுவில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மருந்து இல்லாமல் போனால் வெடிப்பு அங்கேயே நின்றுவிடும். வெளியே குழல் பளபளவென்று ஒழுங்காகத்தான் இருக்கும்.

2017 ஆகஸ்ட் 31 அன்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-39 புறப்பட்டது. எல்லா அடுக்குகளும் வேலை செய்தன. வெப்பக் கவசம் மட்டும் பிரியவில்லை. ஒரு டன்னுக்கும் அதிகமான அந்தச் சுமையோடு ராக்கெட் போக வேண்டிய வேகத்தை எட்ட முடியாமல், வழிகாட்டிச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் கவசத்துக்குள்ளேயே சிறைப்பட்டது. முந்நூறு டன் ராக்கெட்டின் பயணம் வீணாக, பிரிய வேண்டிய ஒரு மூட்டு பிரியாமல் போனதே போதுமானதாக இருந்தது.

ஆகவே கேள்வி இதுதான். மூடிய உலோகத்துக்குள் வெடிமருந்து இருக்கிறதா, முழுதாக இருக்கிறதா என்பதைத் திறக்காமல் பார்ப்பது எப்படி?

எக்ஸ்ரே என்பதுதான் முதலில் தோன்றும் பதில். இந்த இடத்தில் அது உதவாது. எக்ஸ்ரே ஒரு பொருளுக்குள் நுழையும்போது அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களோடு மோதுகிறது. எலக்ட்ரான்கள் அதிகமுள்ள அணு அதை அதிகம் தடுக்கும். ஈய அணுவில் 82 எலக்ட்ரான்கள். வெடிமருந்தோ கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய நான்கு லேசான தனிமங்களின் கூட்டு. ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான். ஈயக் குழலை எக்ஸ்ரே எடுத்தால் ஈயம்தான் தெரியும். உள்ளே மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நியூட்ரான் இங்கேதான் வருகிறது. 1932இல் ஜேம்ஸ் சாட்விக் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்த இந்தத் துகளுக்கு மின்னேற்றம் இல்லை. அதனால் எலக்ட்ரான் கூட்டத்தை அது பொருட்படுத்துவதே இல்லை. நேராக உள்ளே போய் அணுக்கருவோடுதான் அதற்கு வேலை. ஓர் அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு தடுக்கும் என்பது அணு கனமா லேசா என்பதைப் பொறுத்ததல்ல, அந்தக் கருவின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஆகவே வரிசை தலைகீழாகிறது. மெதுவாகப் போகும் நியூட்ரானை ஒரு ஹைட்ரஜன் அணு, ஓர் ஈய அணுவைப்போல் சுமார் ஏழு மடங்கு சிதறடிக்கும். எக்ஸ்ரேக்குச் சுவராக நின்ற ஈயம் நியூட்ரானுக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி. கண்ணுக்கே தெரியாமல் கிடந்த வெடிமருந்து இப்போது நிழல் விழுத்துகிறது.

ஹைட்ரஜனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கேரம் ஆடுகிறவர்களுக்கு இது எளிதாக விளங்கும். ஒரு காய் அதே எடையுள்ள இன்னொரு காயை நேருக்கு நேர் அடித்தால், அடித்த காய் அப்படியே நின்றுவிடும், அடிவாங்கியது ஓடும். பலகையின் ஓரத்தில் மோதினால் வந்த வேகத்திலேயே திரும்பும். ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான், நியூட்ரானுக்கு ஏறக்குறைய சம எடை. அதனால் வேகமாக வரும் நியூட்ரான் ஹைட்ரஜனில் சில முறை மோதினாலே சோர்ந்துபோகும். ஈயத்தில் எத்தனை முறை மோதினாலும் வேகம் பெரிதாகக் குறையாது. தண்ணீர், பிளாஸ்டிக், ரப்பர், எண்ணெய், இறைச்சி, வெடிமருந்து எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. நியூட்ரானின் பலமும் பலவீனமும் இந்த ஒரு உண்மையிலிருந்தே வருகின்றன.

பழவேற்காட்டிலிருந்து இதே கடற்கரையில் தெற்கே 120 கி.மீ. அளவு போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 'காமினி' என்ற சின்ன உலை இருக்கிறது. 'கல்பாக்கம் மினி' என்பதன் சுருக்கம் அது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து கட்டப்பட்டு, 1996 அக்டோபர் 29 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அதன் முழுத்திறன் 30 கிலோவாட்தான். மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய உலை அல்ல அது. நியூட்ரான் தருவதற்காகவே கட்டப்பட்டது.

அதன் எரிபொருள் யுரேனியம்-233. இது பூமியில் தோண்டி எடுக்கும் யுரேனியம் அல்ல. தோரியத்தை உலைக்குள் வைத்து நியூட்ரான் ஊட்டி உருவாக்குவது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் மோனசைட்டில் அந்தத் தோரியம் இருக்கிறது. யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டு இயங்கும் ஒரே உலை என்று உலக அளவில் காமினியைத்தான் சொல்கிறார்கள். உலையில் இருக்கும் யுரேனியம் ஏறத்தாழ 600 கிராம். அலுமினியத்தோடு கலந்து தகடுகளாக வார்த்து, பெரிலியம் ஆக்சைடால் சுற்றி, நீர்த்தொட்டிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்விக்கப் பம்பு தேவையில்லை. சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்குவதே போதும். இவ்வளவு சிறிய, அடக்கமான உலை இந்திய ராக்கெட்டுகளின் பைரோக்களைப் பரிசோதிக்கிறது என்பதை நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

படம் எடுக்கும் விதம் இது. உலையின் மையத்திலிருந்து ஒரு குழாய் வழியாக நியூட்ரான்கள் கற்றையாக வெளியே வரும். அதன் பாதையில் பைரோவை நிறுத்துவார்கள். பின்னால் ஃபிலிம். ஆனால் நியூட்ரான் நேராக ஃபிலிமைக் கறுப்பாக்காது. மின்னேற்றம் இல்லாததால் ஃபிலிமுக்கு அது வந்துபோனதே தெரியாது. எனவே ஃபிலிமை ஒட்டினாற்போல் கடோலினியம் என்ற உலோகத்தின் மெல்லிய தகட்டை வைக்கிறார்கள். மெதுவான நியூட்ரானை விழுங்குவதில் கடோலினியத்தை மிஞ்ச ஆளில்லை. விழுங்கிய உடனே அது எலக்ட்ரான்களைக் கக்கும். ஃபிலிமைக் கறுப்பாக்குவது அந்த எலக்ட்ரான்கள்தான். தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் படம் மங்கிவிடும். அதனால் காற்றை உறிஞ்சியெடுத்த உறைக்குள் இரண்டையும் அழுத்தி வைப்பார்கள்.

ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், ஈய உறை மங்கலாகவும் அதற்குள் வெடிமருந்து வெண்மையாகவும் தெரியும். வெண்மை ஒரே சீராக ஓடுகிறதா, நடுவில் கறுப்பாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. மருந்து சுருங்கி உறையிலிருந்து விலகியிருந்தால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் விடுபட்டிருந்தால் அதுவும் தெரியும், ரப்பரிலும் ஹைட்ரஜன் இருக்கிறதே. ஒரு விரல் நீளப் பொருளின் படத்தைப் பார்த்து 'இது போகலாம், இது போகக்கூடாது' என்று ஒருவர் முடிவு செய்கிறார். அமெரிக்காவின் அப்பல்லோ திட்டமும், ஐரோப்பாவின் ஆரியான் ராக்கெட்டும் தங்கள் பைரோக்களை நியூட்ரானில்தான் படம் எடுத்துப் பார்த்தன.

நியூட்ரான் கற்றையின் முன் நிறுத்தும் பைரோவில் மருந்து இருக்கிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. பயங்கரவாதி மறைத்துவைத்த பெட்டியிலோ, யாரோ புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியிலோ அப்படி இல்லை. அங்கே எதைத் தேடுகிறோம் என்பதே நிச்சயமில்லை.

தமிழ்நாடு இதை 1984 ஆகஸ்ட் 2 இரவில் அறிந்தது. கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டிகள், அவற்றின் பயணி ஏறாததால் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே நின்றுபோய், அங்கே வெடித்தன. 33 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் சிதறி 270 பேர் இறந்தபோது, பெட்டிக்குள் வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்காக உலகம் பரபரத்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில் ஒரு நியூட்ரான் கருவி உருவாகிக்கொண்டிருந்தது. 1989இல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் அதை நிறுவினார்கள்.

அது நைட்ரஜனைத் தேடிய கருவி. ராணுவ வெடிமருந்துகளில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் நிறைய இருக்கும். ஆர்.டி.எக்ஸ். மூலக்கூறு ஒன்றில் ஆறு நைட்ரஜன் அணுக்கள். மெதுவான நியூட்ரானை நைட்ரஜன் கரு விழுங்கும்போது சில நேரம் 10.8 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளிவிடும். நாம் பெட்டியில் வைக்கும் பொருள்களில் இருக்கும் மற்ற தனிமங்கள் இவ்வளவு உயரத்தில் குரல் கொடுப்பதில்லை. அந்தக் குரல் கேட்டால் அங்கே நைட்ரஜன் குவிந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் நைட்ரஜன் கம்பளியிலும் இருக்கிறது. பட்டில், தோல் செருப்பில், நைலானில், பாலாடைக்கட்டியில் இருக்கிறது. கருவி அலறிக்கொண்டே இருந்தது. அலறலைக் குறைக்க வரம்பை உயர்த்தினால் சிறிய குண்டு தப்பிவிடும். விமான நிலையங்களில் அந்தத் தலைமுறைக் கருவி நிலைக்கவில்லை. பின்னாளில் பயங்கரவாதிகள் கையில் எடுத்த அசிட்டோன் பெராக்சைடு போன்ற மருந்துகளில் நைட்ரஜனே கிடையாது.

இன்றைய கருவிகள் ஒரு தனிமத்தோடு நிற்பதில்லை. வேகமான நியூட்ரான் மோதும்போது கார்பன் 4.4 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டிலும் ஆக்சிஜன் 6.1 மில்லியனிலும் காமா கதிரைத் தரும். இவற்றின் விகிதத்தைப் பார்த்தால் சர்க்கரை எது, போதைப்பொருள் எது, வெடிமருந்து எது என்று ஓரளவு பிரிக்கலாம். குரோஷியாவின் ரியேகா துறைமுகத்தில் கண்டெய்னர்களை இந்த முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கண்டெய்னர்களை அடுக்கிவைத்திருக்கும் இந்தக் கரையிலிருந்து பார்க்கும்போது ஒரு சிக்கல் உடனே தெரியும். உறைந்த இறால் நிரம்பிய கண்டெய்னர் என்றால் உள்ளே முழுக்கத் தண்ணீர். ஹைட்ரஜன் நியூட்ரான்களை ஓரத்திலேயே நிறுத்திவிடும். நடுவில் எது இருந்தாலும் தெரியாது. எக்ஸ்ரேயைத் தோற்கடிப்பது ஈயம், நியூட்ரானைத் தோற்கடிப்பது மீன் பெட்டி. கண்டெய்னருக்குள் மனிதர்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால் நியூட்ரான் அளவையும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

இலங்கையின் வடக்கில் போருக்குப் பின் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. ராணுவம் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 கண்ணிகளின் உறை பிளாஸ்டிக். விடுதலைப் புலிகள் செய்த ஜொனி 95 கண்ணியின் உறை மரப்பெட்டி. உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகங்காட்டி தடுமாறும். வெடிமருந்திலும் பிளாஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் இருப்பதால், மண்ணுக்குள் நியூட்ரானை அனுப்பி, வேகம் குறைந்து திரும்பி வருபவற்றை எண்ணினால் கண்ணியைக் காணலாம் என்பது ஆய்வாளர்களின் யோசனை. காய்ந்த மணலில் அது நன்றாகவே வேலை செய்கிறது. மழை பெய்தால் முடிந்தது. ஈர மண்ணே ஹைட்ரஜன் களஞ்சியம். வன்னியின் களப்போரங்களில் பெண்களும் ஆண்களும் மண்டியிட்டு, முள்வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரித்தான் கண்ணிகளை எடுத்தார்கள். அவர்களுடைய கைகளுக்கு ஈடாக எந்த நியூட்ரான் கருவியும் இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் சுமார் 700 டன் அதே உப்பு, 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த நாளிலிருந்து கிடக்கிறது என்ற செய்தி ஊருக்குத் தெரிந்தது. ஏலத்தில் விற்ற அதை அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பினார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நைட்ரஜன் கொண்ட பொருள் அது. எந்த நியூட்ரான் கருவியும் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. அந்த உப்பு அங்கே கிடப்பது கோப்புகளில் பதிவாகியிருந்தது. பக்கத்தில் குடியிருந்த மக்களுக்கு மட்டும்தான் தெரியாது.

நியூட்ரானுக்கு மூன்றாவது ஒரு வேலையும் உண்டு. பழவேற்காட்டுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான் என்று நினைக்கிறேன். 1936இல் கோபன்ஹேகனில் ஜார்ஜ் ஹெவெசியும் ஹில்டே லெவியும் ஒன்றைக் கவனித்தார்கள். நியூட்ரான் பட்ட பொருள் சிறிது நேரம் தானே கதிர் வீசும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில், தனக்கே உரிய கால அளவில் வீசும். அந்தக் கதிரை அளந்தால் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமத்தையும் எண்ணிவிடலாம். ஏரிச் சேற்றைக் கரைக்க வேண்டியதில்லை, அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. காயவைத்துப் பொடித்து உலைக்குள் வைத்து எடுத்தால் போதும்.

எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துவருவது பல ஆண்டுகளாக மீனவர்கள் சொல்லிவரும் குறை. அந்தக் கழிமுகத்தையும் பழவேற்காடு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் இருக்கும். மடவையும் நண்டும் இறாலும் மேயும் சேற்றில் அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது, அதைத் தின்று வாழும் ஊர்களுக்கு ராக்கெட்டைவிட முக்கியமான கேள்வி.

உப்பேரிச் சேற்றை இப்படி அளக்கப் பொறுமை வேண்டும். சேற்றிலிருக்கும் உப்பின் சோடியம், நியூட்ரான் பட்டதும் சோடியம்-24 ஆகிப் பெரும் இரைச்சல் எழுப்பும். அதன் அரை ஆயுள் 15 மணி நேரம். ஆர்சனிக்-76க்கு 26 மணி நேரம். இரண்டையும் உடனே அளந்தால் சோடியத்தின் கூச்சலில் ஆர்சனிக் கேட்காது. சில நாட்கள் மாதிரியைச் சும்மா வைத்திருந்தால் சோடியம் அடங்கிவிடும், ஆர்சனிக்கின் 559 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடு மேலே எழும். குரோமியம்-51க்கு 28 நாள், பாதரசம்-203க்கு 47 நாள் என்பதால் அவற்றை வாரக் கணக்கில் காத்திருந்து நிதானமாக அளக்கலாம். ஈயத்தை மட்டும் இந்த முறை சரியாகக் காட்டாது. அதற்கு வேறு கருவிகள் ஆய்வகங்களில் உண்டு.

காமினியில் இத்தகைய பகுப்பாய்வும் செய்கிறார்கள். பசியாவரத்திலிருந்து ஒரு பை சேறு கல்பாக்கம் போய்ச்சேர அரை நாள் போதும். எந்த இடத்தில் சேறு எடுப்பது என்பதை ஏரியின் மீன்பிடி இடங்களைப் பாடு என்று பிரித்து, குடும்பவாரியான தலைக்கட்டு முறையில் மீன்பிடிக்கும் ஊர்க்காரர்களே சொல்லட்டும். எங்கே மீன் குறைந்தது, எங்கே தண்ணீர் நிறம் மாறியது என்று அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். சேற்றோடு ஏரியின் இறாலையும் நண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். வந்த எண்களை, அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்ற விளக்கத்தோடு, தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்ட வேண்டும். அணுசக்தித் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் தொடங்கக்கூடிய வேலை இது. தொடங்குங்கள் என்று இந்த நூல் வழியாகக் கேட்கிறேன்.